நாய் எழுந்து ஓடிவிட்டால் போதுமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று ஊர்கள் சாலையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. வீட்டு வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை. இப்படிப்பட்ட ஊர்களில் நாய்கள் வண்டியில் அடிபடுவது அடிக்கடி நடக்கிறது. அடிபட்ட நாய் ஒருமுறை அலறும், உருளும், சட்டென்று எழுந்து வீட்டைப் பார்த்து ஓடும். கட்டிலுக்கு அடியிலோ மாட்டுக்கொட்டகை மூலையிலோ புகுந்து படுத்துக்கொள்ளும். பார்த்தவர்கள் "ஒண்ணும் ஆகல, எழுந்து ஓடிடுச்சு" என்று நிம்மதி அடைவார்கள். மறுநாள் காலையில் அந்த நாய் எழுந்திருக்காமல் போனால், "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்பார்கள்.

அது நேற்றே நன்றாக இல்லை. நன்றாக இருப்பதுபோல் நடமாடியது, அவ்வளவுதான். அடிபட்ட நாயை அதன் நடையை வைத்து எடைபோடக் கூடாது. ஈறு, மூச்சு, நாடி ஆகிய மூன்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும். இதை அறிந்த குடும்பம் கால்நடை மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது.

வலியை மறைக்கும் உடல்

அடிபட்ட கணத்தில் நாயின் சிறுநீரகங்களுக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. மூளை தானே சுரக்கும் எண்டார்பின் வலியைச் சிறிது நேரம் மழுங்கடிக்கிறது. ஆபத்தான இடத்தைவிட்டு உடனே அகல்வதற்கான ஏற்பாடு இது. நாயின் மூதாதை விலங்குகளில் வலியை வெளிக்காட்டியது எளிதில் இரையாகியிருக்கும். அதனால் உடைந்த விலா எலும்போடும் ஒரு நாயால் ஓட முடியும்.

வண்டி மோதும்போது உள்ளே நடப்பவை வேறு. நுரையீரல் கன்றிப்போய் அதன் காற்றறைகளில் இரத்தம் கசியலாம். இந்தக் கசிவு முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை கூடிக்கொண்டே போகும். அதனால்தான் மாலையில் சாதாரணமாக இருந்த நாய் நள்ளிரவில் மூச்சுக்குத் திணறுகிறது. மண்ணீரலோ ஈரலோ கிழிந்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் சேரும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்தால் குடலும் ஈரலும் நெஞ்சுக்குள் ஏறி நுரையீரலை நெருக்கும். சிறுநீர்ப்பை வெடித்தால் அதன் அறிகுறிகள் முழுமையாகத் தெரிய ஒன்றிரண்டு நாட்கள்கூட ஆகலாம். அடிபட்ட நாய் அடுத்த 24 மணி நேரத்தில் சிறுநீர் கழிக்கிறதா என்று கவனிக்கச் சொல்வது இதனால்தான். ஒருமுறை கழித்துவிட்டால் சிறுநீர்ப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுகட்டிவிடவும் முடியாது.

ஆகவே விதி எளிது. வண்டியில் அடிபட்ட நாய், மாடியிலிருந்து விழுந்த நாய், பெரிய நாயிடம் கடிபட்டு உலுக்கப்பட்ட நாய் மூன்றையும், வெளிக்காயம் இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈறு, மூச்சு, நாடி

மேல் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். நலமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். கட்டைவிரலால் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 நொடிக்குள் மறுபடி சிவக்கும். அதற்கு மேல் நேரம் எடுத்தாலோ, ஈறு வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தாலோ இரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது என்று பொருள். நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கருப்பாகவே இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது மூச்சு. ஓய்வில் இருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சுவிடும். விலா ஏறி இறங்குவதை 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு. ஆனால் கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை விரித்து நின்று, வயிறு உள்ளே இழுக்க மூச்சுவிடுவது ஆபத்தின் அடையாளம். அப்படி மூச்சுவிடும் நாயைப் படுக்கவைக்க முயலாதீர்கள். அது எந்த நிலையில் இருக்க விரும்புகிறதோ அப்படியே விடுங்கள்.

மூன்றாவது நாடி. பின்னங்காலின் உள்தொடையில், கால் இடுப்போடு சேரும் இடத்தருகே இரண்டு விரலை மெல்ல வைத்தால் துடிப்பு தெரியும். பெரிய நாய்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100, சிறியவற்றுக்கு 100 முதல் 140 என்பது ஏறக்குறைய இயல்பான அளவு. வேகமாகவும் நூல்போல் மெலிந்தும் நாடி ஓடினால் உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

நாயின் உடலில் கிலோவுக்குச் சுமார் 85 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கிறது. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு மொத்தமே ஒன்றேகால் லிட்டர் சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலே உயிருக்கு ஆபத்து. அது அரை லிட்டருக்கும் குறைவுதான். இரத்தம் குறையும்போது உடல் ஒரு முடிவு எடுக்கிறது. வீராணம் ஏரியில் தண்ணீர் குறைந்த ஆண்டில் சில மதகுகளை அடைத்து, இருக்கிற நீரைக் கருகும் பயிருக்குத் திருப்புவதுபோல், தோலுக்கும் குடலுக்கும் போகும் சிறு குழாய்களைச் சுருக்கி, மிஞ்சிய இரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்புகிறது. ஈறு வெளுப்பதும் பாதங்கள் சில்லிடுவதும் இதனால்தான். இந்த ஏற்பாடு தாங்கும் நேரம் கொஞ்சம். அதற்குள் மருத்துவர் இரத்தக் குழாய் வழியாகத் திரவமோ இரத்தமோ ஏற்ற வேண்டும். நாய்க்கும் இரத்தம் ஏற்றலாம். 1660-களில் ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் லோயர் ஒரு நாயின் இரத்தத்தை இன்னொரு நாய்க்குச் செலுத்திக் காட்டியதிலிருந்துதான் இரத்தம் ஏற்றும் மருத்துவமே தொடங்கியது. நாய்களின் இரத்தத்தில் பிற வகை இரத்தத்தை எதிர்க்கும் பொருட்கள் பிறவியிலேயே பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் முதல் முறை ஏற்றும்போது பெரிய எதிர்வினை வருவது அரிது.

முதலில் உங்கள் கை பத்திரம்

பத்து ஆண்டு மடியில் வளர்ந்த நாயும் வலியில் கடிக்கும். அது கோபமில்லை, வலிக்கும் இடத்தைத் தொட வருகிற கையை மூளை விலக்கச் சொல்கிறது. நேர் எதிரே போய்க் குனியாமல் பக்கவாட்டில் மெல்ல நெருங்குங்கள். பழகிய குரலில் பேசுங்கள். முகத்தை அதன் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். சாலையில் கிடந்தால் முதலில் ஒருவர் வண்டிகளை நிறுத்தட்டும்.

துப்பட்டாவையோ பழைய வேட்டியில் கிழித்த நீளத் துணியையோ கொண்டு வாயைக் கட்டலாம். மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, அங்கிருந்து காதுக்குப் பின்னால் கொண்டுபோய் எளிதில் அவிழும் ஒரு முடிச்சு. மூச்சுத் திணறும் நாய், வாந்தி எடுக்கும் நாய், மயங்கிய நாய், முகத்தில் அடிபட்ட நாய், பக் போன்ற சப்பை மூக்கு நாய் ஆகியவற்றுக்கு வாய் கட்டக் கூடாது. அவற்றின் கழுத்தைச் சுற்றித் தடித்த துண்டைச் சுருட்டி வைத்துத் தூக்குங்கள்.

கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநோய் வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. பிறகு கடலூர் அரசு மருத்துவமனைக்கோ, அண்ணாமலை நகரிலுள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் மருத்துவர் சொல்லும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கடித்த நாய் 10 நாள் நலமாக இருந்தால் வெறிநோய் இல்லை என்று கணக்கிடும் முறை, அடிபட்ட நாய்க்குச் சரிவராது. அது அடிபட்டதாலேயே இறந்துவிடக்கூடும். எதனால் இறந்தது என்று நமக்குத் தெரியாமல் போகும்.

இரத்தமும் எலும்பும்

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். குறைந்தது 5 நிமிடம் எடுத்துப் பார்க்கவே கூடாது. நின்றதா என்று துணியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் உறைந்த இரத்தக் கட்டி பிய்ந்துபோகிறது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். அவை காயத்துக்குள் புகுந்த மண்ணாகத்தான் மருத்துவருக்கு வந்து சேரும். அதைச் சுரண்டி எடுக்கவே தனியாக மயக்க மருந்து தேவைப்படலாம்.

கம்பியோ குச்சியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். உள்ளே கிழிந்த குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு வேலிகளில் முள்கம்பி கிழித்துத் தோல் தொங்கினால், கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் மெல்லக் கழுவி, ஈரத்துணியால் மூடி எடுத்துச் செல்லுங்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போதும். காயாத தோலைத்தான் திரும்ப ஒட்டித் தைக்க முடியும். பக், ஷிட்சூ நாய்களுக்குக் கண் பிதுங்கி வெளியே வந்துவிட்டாலும் இதே ஈரத்துணி வைத்தியம்தான். கண்ணை உள்ளே தள்ள முயலாமல் விரைந்து ஓட வேண்டும்.

எலும்பு முறிந்த காலை நேராக்கிக் கட்ட வேண்டாம். சரியாகக் கட்டாத மூங்கில் பத்தை கட்டாமல் விட்டதைவிட அதிகக் கேடு செய்யும். கூரான எலும்பு முனை தசையையும் நரம்பையும் கிழிக்கும். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடினால் போதும். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும் நாய்க்கு முதுகெலும்பு முறிந்திருக்கலாம். அதைக் கையில் அள்ளித் தூக்கக் கூடாது. பலகை, ப்ளைவுட், உறுதியான அட்டை என்று கிடைத்ததன் மேல் மெல்ல நகர்த்தி, துணியால் அசையாமல் கட்டிக் கொண்டுபோகுங்கள். இரு சக்கர வண்டியில் நடுவில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு போவது நெஞ்சில் அடிபட்ட நாய்க்கு மிகவும் ஆபத்தானது. ஆட்டோவோ சிறிய சரக்கு வண்டியோ பிடியுங்கள்.

மூச்சும் துடிப்பும் நின்றுவிட்டால் நாயைப் பக்கவாட்டில் கிடத்தி, நெஞ்சின் மேல் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்க வேண்டும். 30 அழுத்தலுக்கு ஒருமுறை, வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியே 2 முறை ஊதுங்கள். பிழைக்கும் வாய்ப்பு குறைவுதான் என்றாலும் மருத்துவமனைக்குப் போகும் வழியில் செய்யக்கூடியது இது ஒன்றே.

சிறிய துளை, பெரிய காயம்

நாய்கள் கடித்துக்கொண்டால் மேலே ஒரு சிறு துளை மட்டும் தெரியும். நாயின் தோல் உடலோடு இறுக ஒட்டாமல் தளர்வாக இருக்கிறது. பெரிய நாய் கவ்வி உலுக்கும்போது தோல் பல்லோடு சேர்ந்து நகர்ந்துவிடும். அடியில் இருக்கும் தசை நகராது, அதனால் கிழியும். கூடவே வாயிலுள்ள பாக்டீரியாக்கள் ஆழத்தில் செலுத்தப்படுகின்றன. மேல் துளை இரண்டு நாளில் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டுகிறது. ஆகவே கடிவாய் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மருத்துவர் அதன் முடியை மழித்துப் பார்ப்பது அவசியம். கடித்தது தெருநாய் என்றால், உங்கள் நாய்க்கு ஏற்கெனவே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும்.

அன்பில் கொடுக்கும் விஷம்

அடிபட்ட நாய்க்கு நாம் செய்யும் மிகப் பெரிய தீங்கு மாத்திரை. 5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று கொடுத்தால், கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகிறது. 50 கிலோ மனிதர் ஒரே தடவையில் பத்து மாத்திரை விழுங்கும் கணக்கு அது. நாயின் ஈரல் சிதையத் தொடங்கும் அளவும் ஏறத்தாழ அதுவே. பூனைகளுக்கு இந்த மருந்தை முறிக்கும் திறன் இன்னும் குறைவு. ஒரு மாத்திரையே அவற்றைக் கொன்றுவிடலாம்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவை வேறு வழியில் கெடுக்கின்றன. இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்துக்கான இரத்த ஓட்டத்தையும் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை அவை தடுக்கின்றன. ஏற்கெனவே இரத்தம் இழந்து தவிக்கும் நாயின் சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி.

பால், சோடா, சோறு எதுவும் கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கலாம். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குத்தான் போகும்.

கடலும் வயலும் தரும் காயங்கள்

தேவனாம்பட்டினம், தாழங்குடா, பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கரையோர ஊர்களில் இரை மீனோடு சேர்த்துத் தூண்டில் முள்ளையும் நாய் விழுங்கிவிடும். வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்கக் கூடாது. முள்ளின் எதிர்க்கொக்கி உணவுக்குழாயைக் கிழித்துவிடும். நரம்பை வெட்டி எறியவும் கூடாது. முள் எங்கே இருக்கிறது என்று தேடும் மருத்துவருக்கு அந்த நரம்புதான் வழி. அப்படியே கழுத்துப் பட்டையில் தளர்வாகக் கட்டிவைத்து எக்ஸ்ரே வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து நெல்வயல்களில் எலிகள் உண்டு. எலிகளைத் தேடிப் பாம்புகள் வரும். பாம்பைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு நெருங்குவதால் நாய்க்குப் பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் கடி விழுகிறது. கண்ணாடி விரியன் கடித்தால் முகம் வீங்கும், இரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும். கடிவாயைக் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கேடு. நாயை நடக்கவிடாமல் தூக்கிக் கொண்டுபோங்கள்; நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். மனிதர்களுக்குப் போடும் விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைகளுக்குச் செலுத்தி, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். நாய் சிறியது என்பதால் மருந்தின் அளவு குறையாது. முறிக்க வேண்டியது பாம்பு செலுத்திய விஷத்தை. அது சின்ன நாய்க்கும் பெரிய நாய்க்கும் ஒன்றுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னோர் ஆபத்து, புழு வைத்த புண். ஈரமான காயத்தின் ஓரத்தில் ஈ இடும் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். சில வகை ஈக்களின் புழுக்கள் உயிருள்ள சதையையே தின்று உள்ளே குடைந்து போகும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஊற்றினால் புழுவோடு சதையும் வெந்து, விஷம் தோல் வழியே உடலில் ஏறும். மருத்துவர் புழுக்களை இடுக்கியால் எடுத்து, மிச்சத்தைக் கொல்லும் மருந்தும் கொடுப்பார். அதைவிட எளிது தடுப்பதுதான்: மழைக்காலத்தில் எந்தச் சிறு காயத்தையும் நாள்தோறும் இருமுறை பாருங்கள், மெல்லிய துணியால் ஈ படாமல் மூடுங்கள். காது மடலையும் வாலடியையும் மறக்காதீர்கள். புழு முதலில் அங்கேதான் வைக்கும்.

இன்றே செய்ய வேண்டியவை

விபத்து நடந்த பிறகு மருத்துவரைத் தேடத் தொடங்கினால் பாதி நேரம் போய்விடும். கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. அவை எத்தனை மணி வரை திறந்திருக்கும், விடுமுறை நாளில் யாரை அழைப்பது, இரவில் பார்க்கும் தனியார் மருத்துவர் யார், எக்ஸ்ரேயும் அறுவை சிகிச்சையும் எங்கே கிடைக்கும் என்பதை இன்றே விசாரித்து எழுதிவையுங்கள். கட்டணமில்லாத 1962 எண், கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திக்கு உரியது. அது பெரும்பாலும் மாடு, ஆடுகளுக்காக இயங்குவது என்றாலும் அழைத்து வழி கேட்கலாம். பெரிய அறுவை சிகிச்சை என்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பகுதிக்கு அருகிலுள்ளது. கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டர். சிதம்பரத்துக்காரர்களுக்கு அதோடு இன்னும் 45 கிலோமீட்டர் கூடும். கிளம்பும்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் மருத்துவர் தயாராக இருப்பார்.

ஒரு பையில் சுத்தமான பருத்தித் துணிகள், அகலமான கட்டுத்துணி, சலைன் பாட்டில், வாய் கட்ட நீளத் துணி, தடித்த போர்வை, நாயின் தடுப்பூசி அட்டை, அதன் எடையை எழுதிய சீட்டு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பெரும்பாலான மருந்துகளின் அளவு எடையைப் பொறுத்ததால் அந்தச் சீட்டு மருத்துவருக்கு உதவும். வாரம் ஒருமுறை, நாய் நலமாக இருக்கும்போதே அதன் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள், உள்தொடையில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். இயல்பான நிறமும் துடிப்பும் எப்படி இருக்கும் என்று உங்கள் கண்ணும் விரலும் பழகினால்தான் மாற்றம் வரும் நாளில் தெரியும். தொட்டுப் பார்ப்பதற்குப் பழகிய நாய் வலியிலும் ஓரளவு ஒத்துழைக்கும். வீட்டில் எல்லாருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, இதைக் கற்றுக்கொடுங்கள். அடிபட்ட நாயால் தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்காகப் பார்த்துச் சொல்லவும் தூக்கிக்கொண்டு ஓடவும் நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.